தாவூதயாளின் மூக்குத் துணி

தாவூதயாள் பண்டித்ஜிக்கு மூக்கு கொஞ்சம் நீளம். பிருந்தாவனத்தில் எங்கள் சந்துக்காரர்களுக்கு வாய் அதைவிட நீளம். "மொதல்ல மூக்கு வருது, பின்னாடியே பண்டித்ஜி வருவார், வழி விடுங்கப்பா" என்று லஸ்ஸிக் கடைக்காரன் கத்தாத நாள் கிடையாது. அந்த மூக்கின் மேல் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு அவர் முப்பத்தெட்டு வருஷத்துக்கு மேலாகச் சமைக்கிறார். அந்தத் துணியின் கதையை அழகாகச் சொல்ல வேறு யாராவது இருக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் நான்தான்.

என் பெயர் ஹர்பியாரி. பூக்கட்டுகிறவள். லலித விஹாரி கோவில் சமையற்கட்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதன் மூன்று படிகளில் கீழ்ப்படி என்னுடையது. எனக்கு முன்னால் என் மாமியாருடையது. ஒரு கையில் ஊசி, மடியில் சாமந்தி, எட்டும் தூரத்தில் குரங்கை விரட்ட ஒரு கம்பு. எனக்கு முன்கோபம் அதிகம். குரங்கானாலும் கோவிலை ஆளுகிற கோசாயி ஆனாலும் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

தாகுர்ஜிக்கு, அதாவது எங்கள் கோவில் கண்ணனுக்கு, சமைப்பதை அவர் சாப்பிடும் முன் யாரும் ருசி பார்ப்பதில்லை. முகர்ந்து பார்ப்பதும் இல்லை. பூவுக்கும் அதே சட்டம்தான். மூக்கருகே போன மாலை எச்சில் மாலை. அதனால் உப்பு கைக்கணக்கு, சர்க்கரை கண்கணக்கு. சமைக்கிறவர் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு அடுப்பருகே போனால், சந்நிதியில் திரை விலகி மணி அடிக்கும் வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நிறைய சமையல்காரர்களுக்கு அது வெறும் கைப்பழக்கம். துணி அதன் பாட்டுக்குக் கட்டியிருக்கும், உள்ளே மூக்கு அதன் பாட்டுக்கு வேலை செய்யும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகைக் கூடை வந்து இறங்கியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். மூக்கு மட்டும் இந்தப் பக்கமே இருக்கும். தாகுர்ஜி பக்கத்தில் நிற்கிற ராதாராணிக்குத் தெரியாதா என்ன? மன்னித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

தாவூதயாள் அப்படி ஓட்டுகிற ஆள் இல்லை. அவர் கோவர்த்தன் பக்கத்து ஜதிபுராக்காரர். பதினெட்டு வயதில் தாய்மாமாவின் கைக்கு உதவியாக இந்தச் சமையற்கட்டுக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் அடுப்பில் கீர் இருந்தது. பாலும் அரிசியும் மணிக்கணக்காகச் சுண்டித் திரண்டு, ஏலக்காய் விழுகிற நேரம். அந்த நேரத்தில் தன்னை மறந்து ஒரு மூச்சு இழுத்து, "ஆகா!" என்று சொல்லிவிட்டாராம். மாமா திட்டவில்லை. அத்தனை பாலையும் தூக்கிப் போய்க் கோசாலைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, மறுபடி குளித்து, மறுபடி அடுப்பு மூட்டினார். அன்றைக்கு தாகுர்ஜி மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

கல்யாணமான புதிதில் இதை மனைவி கமோதாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

"புதுப் பொண்டாட்டிகிட்ட பாலைப் பத்தி அழுத ஒரே ஆம்பள இவருதான் ஜிஜி," என்பாள் கமோதா. "நான் என்னவோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். வேற எவளாச்சும் இருக்காளோன்னு."

கமோதா என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அதனால் நான் அவளுக்கு ஜிஜி, அதாவது அக்கா. வாயில் என்னைவிடப் பெரியவள். மகள் சந்தோவை ஹாத்ரஸில் கட்டிக்கொடுத்த பிறகு, பகலெல்லாம் என் படியில் வந்து உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுப்பாள். அவர் வீட்டில் சொன்னதெல்லாம் அவள் வழியாக எனக்கு வந்துசேரும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் அன்றைய சண்டையைச் சொல்வாராம். மற்ற புருஷர்கள் கடையில் நடந்த சண்டையைச் சொல்வார்கள். இவர் தன் மூக்கோடு நடந்ததைச் சொல்வார்.

"இன்னிக்கு நெய்யில சீரகம் பொரிஞ்சப்போ வாசம் துணியைத் தாண்டி வந்துருச்சு கமோதா. தொண்டை வரைக்கும் வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்புனீங்க?"

"அவர்கிட்டதான். மொதல்ல நீங்க, அப்புறம்தான் நான்னு."

தோற்றுப்போன நாட்களும் உண்டு. அன்றைக்குப் பிரசாதத்தைத் தொடமாட்டார், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். ஒருநாள் கமோதாவுக்கே தாங்கவில்லை. ஊரில் இருக்கிற சமையல்காரன் எல்லாம் இப்படியா தன்னை வதைத்துக்கொள்கிறான் என்று கேட்டிருக்கிறாள்.

"சமைக்கிறது கை," என்றாராம். "கைக்குத்தான் சம்பளம் குடுத்துடுறாங்களே. பாலு பசுவோடது, அரிசி யார் வீட்டுதோ. நான்னு குடுக்கிறது இந்த ஒண்ணுதான். வாசம் வரும்போது ஆசை வருதில்ல? அதை எடுத்து அவர் பக்கம் வெச்சுடுறேன்."

ஆனால் மூக்கை வெறுத்தவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. மணி அடித்து, பிரசாதம் வெளியே வந்துவிட்டால் அந்த மூக்குக்கு விடுதலை. தொன்னையை முகத்தருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். சாப்பிட ஆரம்பிக்கவே அரை மணி ஆகும். வீட்டுக்குப் போனால் கமோதாவின் தலையில் மூக்கை வைத்துக்கொள்வார். அவள் கடுகெண்ணெயில் வெந்தயம் போட்டுக் காய்ச்சித் தடவுகிறவள். "பேரன் எடுத்தாச்சு, இன்னும் புத்தி வரல" என்று அவள் என்னிடம் அலுத்துக்கொள்ளும்போது முகம் மட்டும் சிவந்திருக்கும்.

ஒரு பௌஷ மாதக் குளிரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. எழுந்து வந்தபோது கன்னம் ஒட்டி, மூக்கு இன்னும் நீளமாகத் தெரிந்தது. நான்தான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் அடுப்பில் பருப்பு கருகிக்கொண்டிருந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கிணற்றடியிலிருந்து ஓடிவந்த கமோதா பாத்திரத்தை இறக்கிவிட்டு, "மூக்கு எதுக்கு இருக்கு, அழகுக்கா?" என்று கத்தியிருக்கிறாள். அவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தலையில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எண்ணெய் வெக்கலையா நீ?" என்று கேட்டார்.

"வழிய வழிய வெச்சிருக்கேனே!"

அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

மதுராவில் டாக்டர் பார்த்தார். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வந்தாலும் வரலாம், வராமல் போனாலும் போகலாம் என்றார். கமோதா ஓமத்தைச் சுட்டுத் துணியில் முடிந்து மூக்கில் வைத்தாள். மிளகாயை நெருப்பில் போட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமினார். வாசம் மட்டும் வரவில்லை.

கோவிலில் யாருக்கும் சொல்லவில்லை. கையும் கண்ணும் கணக்கும் அப்படியே இருந்ததால் சமையலும் நடந்தது. நடந்தது மட்டுமில்லை, பேர் வேறு வாங்கியது. முன்பெல்லாம் ஏலக்காய் தட்டும்போது அவர் முகத்தைத் திருப்புவார், மூச்சைப் பிடிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும். இப்போது ஒன்றும் இல்லை. ஆடாமல் அசையாமல் நின்று கிளறினார். எங்கள் கோவிலை நடத்துகிற ராஸ்பிஹாரி கோசாயி இதைக் கவனித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யாத்ரீகர்கள் முன்னால் எதையாவது பெருமையாகச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

"இதோ பாருங்க," என்று ஒருநாள் அகமதாபாத்துக்காரர்களைப் பின்வாசல் வரை அழைத்து வந்து காட்டினார். "முப்பத்தெட்டு வருஷ சாதனை. இவருக்கு மூக்கு அடங்கியே போச்சு. இந்திரியத்தை ஜெயிச்சவர்னு புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க, நேர்ல பார்த்துக்கோங்க!"

வேலை முடிந்து வெளியே வந்த தாவூதயாளின் காலில் எட்டுப் பேர் வரிசையாக விழுந்தார்கள். அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் போனதும் மேல்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"செத்த மாட்டைப் பிடிச்சுக் கட்டினவன் கால்ல விழுந்துட்டுப் போறாங்க ஹர்பியாரி," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாத. சொன்னா அடுப்பை விட்டு அனுப்பிடுவாங்க."

"நல்லதுதானே பண்டித்ஜி?" என்றேன் நான், முட்டாள். "தினம் மல்லுக்கட்டுவீங்க. இப்ப சண்டையே இல்ல. நிம்மதியா சமைக்கலாமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஊசி விரலில் ஏறியது.

"சண்டை போட்டுக் கொஞ்சமாச்சும் ஜெயிச்சதைத்தான் அவருக்குக் குடுத்துட்டு இருந்தேன். இப்ப பசியே இல்லாதவன் விரதம் இருக்கேன்னு சொல்ற மாதிரி நிக்கிறேன். ஊரே ஆசை போகணும்னு வேண்டிக்குது. நான் ஒருத்தன், ஆசை வரட்டும்னு வேண்டிக்கிறேன். எவ்வளவு கேவலம் பாரு." கண்ணைத் துணியின் நுனியால் துடைத்துக்கொண்டார். "வெறுங்கையோட எத்தனை நாள் அவர் முன்னாடி போறது?"

வசந்த பஞ்சமி வந்தது. ஊரே மஞ்சள். மாலை மஞ்சள், புடவை மஞ்சள், சோறு மஞ்சள், கீரிலும் குங்குமப்பூ. காலையிலிருந்து சந்தில் கால் வைக்க இடமில்லை. நான் தலை நிமிராமல் சாமந்தி கோத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெரிய பாத்திரத்தில் கீர் திரண்டுகொண்டிருந்த வாசம் என் மூக்குக்கு வந்தது. வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வழக்கம்போல முகர்ந்துகொண்டும் இருந்தேன். திடீரென்று அந்த வாசத்துக்கு அடியில் இன்னொன்று வந்தது. மெல்லிசாக, கசப்பாக. பால் அடிபிடிக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். தாவூதயாள் இன்னொரு அடுப்பில் பூரி பொரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தீயுது பண்டித்ஜி!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நான் முகர்ந்துவிட்டேன் என்று ஆகும். முகர்ந்த கீர் தாகுர்ஜிக்கு ஆகாது. அத்தனையும் கோசாலைத் தொட்டிக்குப் போகும். பண்டிகை நாளில் சாமி பசியோடு காத்திருப்பார், கோசாயி குதிப்பார், இவர் விஷயமும் வெளியே வந்துவிடும். இவ்வளவும் ஒரு நொடியில் மனதில் ஓடியது. வறட்டிப் புகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த பூவைக் கோத்தேன். ஐயோ, ஊரை அடிக்கிற இந்த வாய் அன்றைக்கு மட்டும் ஏன் அடங்கியது?

கோசாயியின் தம்பி மூக்கில் துணியோடு வந்து, மூடிய பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போனார். திரை மூடியது. திரை விலகியது. மணி அடித்தது. பிரசாதம் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு மதுராக்காரி சத்தமாக, "ஐயய்ய, கீர் தீய்ஞ்சு போச்சே!" என்றாள்.

தாவூதயாள் வெளியே வந்து ஒரு தொன்னையை வாங்கி வாயில் வைத்தார். வாசம் தெரியாது, ஆனால் கசப்பு நாக்குக்குத் தெரியுமே.

"இதையா அவருக்குக் குடுத்தேன்?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அன்றைக்கே கோசாயியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டார். கோசாயிக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். "ஊரெல்லாம் உங்களைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேனே பண்டித்ஜி! என் முகத்தை எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுப்பை விட்டு அனுப்பினார். தண்ணீர் இறைப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, கிழங்கு சீவுவது. என் தலைக்கு மேலே, மேல்படியில்தான் அவருக்கு இடம்.

அடுப்புக்கு மதுராவிலிருந்து ஒரு சௌபே, சாப்பாட்டுக்குப் பேர்போன பிராமணர், வந்தார். வயிறு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மூக்குத் துணி எந்நேரமும் தாடையில் தொங்கும், யாராவது எட்டிப் பார்த்தால் மூக்குக்கு ஏறும். "அவர் எச்சில் விழுங்குற சத்தம் சந்நிதி வரைக்கும் கேக்குது" என்று கமோதா சொன்னதில் பொய் இல்லை.

தாவூதயாள் சௌபேயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்குவார். உள்ளே கடாயில் சீரகம் வெடிக்கும் சத்தம் கேட்டதும் கை நின்றுவிடும். முகம் மெல்ல மேலே தூக்கும். அப்படியே கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு மறுபடி முறத்தில் குனிந்துகொள்வார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. அடுப்பு பத்தடி தூரத்தில். தாகுர்ஜி இருபதடி தூரத்தில். அவருக்கு இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

மாலைக்கு ஆகாமல் கீழே விழுந்த பூக்களை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். மல்லிகை, சம்பங்கி, தாழம்பூ எல்லாம் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

வீட்டில் வேறு கூத்து நடந்தது. தினமும் ஒரு லோட்டா பாலை அடுப்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கிளறி, வேண்டுமென்றே தீயவிட்டிருக்கிறார்.

"பாத்திரமெல்லாம் கரி ஜிஜி," என்று கமோதா கையை நீட்டிக் காட்டினாள். "தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே அழிஞ்சு போச்சு. கேட்டா, பாலு பேசுதுங்கறார். எனக்கென்னமோ காய்ச்சல் மூளைக்கும் ஏறிடுச்சோன்னு இருக்கு."

காய்ச்சல் எங்கும் ஏறவில்லை. அடிபிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் துடுப்பு அடியில் லேசாகத் தயங்குமாம். கொதிக்கிற சத்தமும் கனத்துப் போகுமாம். மூக்கு செய்த வேலையைக் காதுக்கும் மணிக்கட்டுக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆடி போய் ஆவணி பிறக்கிற சமயம். மழை விட்ட ஒரு மத்தியானம். அவர் சேப்பங்கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு இனி தாங்காது என்று ஆகிவிட்டது.

"பண்டித்ஜி, அன்னிக்கு வசந்த பஞ்சமியில கீர் தீயுற வாசம் எனக்கு வந்துச்சு. சொல்லாம இருந்துட்டேன்."

கத்தியைக் கீழே வைத்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அதுக்கு முன்னாடி வந்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "தீயுறதுக்கு முன்னாடி. எப்படி இருந்துச்சு ஹர்பியாரி?"

நான் சொன்னேன். சுண்டின பால், குங்குமப்பூ, கடைசியில் ஏலக்காய். என்னவென்று சொல்வது, வாசத்தை வாயால் சொல்ல முடியுமா? அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்புறம்?" என்றார். சொன்னதையே திரும்பச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

எழுந்த வேகத்தில் நேரே கோசாயியிடம் போனேன். "தப்பு என் மேலயும் இருக்கு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கோசாயி தலையைச் சொறிந்துகொண்டார்.

"தீயுற வாசம் நைவேத்தியத்தோட வாசம் இல்லம்மா," என்றார் கடைசியில். "அதைச் சொன்னா தோஷமில்ல. இனிமே வந்தா வாயைத் திற." கொஞ்சம் நிறுத்தி, "மத்ததுக்கு எப்பவும் திறந்துதானே இருக்கு" என்றார். வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

ராதாஷ்டமிக்கு நான்கு நாள் இருக்கும்போது சௌபேயின் லட்டுவை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. சௌபே துரத்தினார். அந்த உடம்பு என் படிகளில் எப்படி இறங்கும்? கால் பிசகி, கட்டுப் போட்டு, வண்டியில் மதுராவுக்குப் போனார். அந்தக் குரங்கைப் பல வருஷமாகக் கம்பால் விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஒரு வாழைப்பழம் வைத்தேன்.

கோசாயி மேல்படிக்கு வந்து நின்றார். "பண்டித்ஜி, ராதாராணி பிறந்த நாள். வேற ஆள் கிடைக்கல. கீர் இறக்குற நேரம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மகராஜ். காதால தெரியும்."

"மூக்கு?"

"இன்னும் இல்ல."

"இன்னும்" என்ற அந்த வார்த்தையில் கோசாயியும் தலை குனிந்துகொண்டார்.

ராதாஷ்டமி காலையில் தாவூதயாள் குளித்து வந்து, ஏழு மாதமாகக் கமோதா மடித்து வைத்திருந்த மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டார். நான் கீழ்ப்படியில் மாலை கோத்தபடி மூக்கைத் தீட்டிக்கொண்டு காவல் இருந்தேன். தயிரில் சேப்பங்கிழங்கு முடிந்தது. பூரி முடிந்தது. கீருக்கு மட்டும் தனி அடுப்பு. பாத்திரத்தின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு, கடிகாரம் பழுது பார்க்கிறவர் போலக் கவனமாகக் கிளறினார். பால் சுண்டியது. திரண்டது. ஏலக்காய்ப் பொடியைத் தூவினார்.

அப்போது அவர் கை நின்றது.

தீய்ந்துவிட்டதோ என்று நான் பதறி எழுந்தேன். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். தீயவில்லை. அப்படி ஒரு கீர் வாசத்தை நான் என் ஆயுளில் கண்டதில்லை. பொய் சொல்ல மாட்டேன், ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்தேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. துணிக்கு மேலே கண் இரண்டும் அகல விரிந்திருந்தன. சந்தோ பிறந்த அன்று மருத்துவச்சி குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

வந்துவிட்டது என்று எனக்கும் புரிந்துவிட்டது.

அடுத்த நொடி அவர் இடது கை மேலே போனது. துணியோடு சேர்த்து மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கை மறுபடி கிளற ஆரம்பித்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணீர் துணியில் இறங்க இறங்கக் கிளறினார். "ஒரே ஒரு மூச்சு இழுத்துக்குங்க பண்டித்ஜி, யாரும் பார்க்கல!" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கீர் திரண்டு, இறக்கி, துளசி போட்டு, மூடி, கோசாயியின் தம்பி தூக்கிக்கொண்டு போகும் வரை அந்தக் கை மூக்கை விடவில்லை.

திரை மூடியது. உள்ளே ராதாராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே நாங்கள் மூன்று பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவரால் பேச முடியாது, மணி அடிக்கவில்லை. கமோதாவிடம் நான்தான் ரகசியமாகச் சொன்னேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மணி எப்போது அடிக்கும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் ஓடினாள். கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளி முதல் தொன்னையை வாங்கி வந்து அவர் கையில் வைத்தாள். அவர் துணியை அவிழ்த்து மடித்துப் பக்கத்தில் வைத்தார். தொன்னையை மெல்ல முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடி, எட்டு மாத மூச்சையும் சேர்த்து இழுத்தார்.

இன்னொரு தடவை இழுத்தார்.

தொன்னையை இறக்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி இழுத்தார்.

"என்னங்க?" என்றாள் கமோதா.

அவர் தலையை ஆட்டினார். "போயிடுச்சு."

"போயிடுச்சா? என்ன போயிடுச்சு? அப்ப வந்துச்சுன்னு ஜிஜி சொன்னாளே!"

"வந்துச்சு கமோதா. ஏலக்காய் போட்டதும் வந்துச்சு. பழைய மாதிரியே வந்துச்சு."

கமோதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, பாவி மனுஷா! எட்டு மாசமா எதுக்கு அழுதீங்க? கையில வந்ததை ஒரு மூச்சு இழுத்துக்கக் கூடாதா? அவளுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது? தினம் அவளுக்கு வருது!" சந்நிதி பக்கம் திரும்பி, "உனக்கும் இரக்கமில்லையா?" என்று கேட்டாள். எனக்கும் அதேதான் கேட்க வேண்டியிருந்தது. ராதாராணி மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

தாவூதயாள் கீரில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இனிப்பு மட்டும் தெரிந்திருக்கும்.

"திட்டாத," என்றார். "எட்டு மாசம் கழிச்சு இன்னிக்கு அவளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

மிச்சக் கீரோடு தொன்னையைக் கமோதாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு அடுப்பு அவருடையதுதான். காதும் மணிக்கட்டும் அவரைக் கைவிடவில்லை. மூக்கு மட்டும் திரும்பவில்லை. ஆனாலும் தினமும் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கித்தான் கட்டுகிறார். ஏலக்காய் தூவும்போது இடது கை தானாக மேலே போய்த் தயாராக நிற்கிறது. நான் கீழ்ப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து படியிறங்கும்போது கமோதா அவர் முன்னால் தலையைக் குனிந்து நிற்பாள். கடுகெண்ணெய் நெற்றியில் வழியும். சந்தில் போகிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் அந்த நீள மூக்கை வகிட்டில் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார்.

"வருதா?" என்பாள்.

"இன்னிக்கு இல்ல," என்பார் அவர். இரண்டு பேரும் வீட்டுக்கு நடப்பார்கள்.